கைமாறும் பாட்டும் கைக்கு வராத காசும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நால்வர் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழு நடத்துகிறீர்கள். நகையை அடகு வைத்து ஆறு சொந்தப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தீர்கள். வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்னரே அவற்றில் மூன்று வட்சப் குழுக்களிலும் ஒரு டெலிகிராம் அலைவரிசையிலும் சுற்றத் தொடங்கிவிட்டன. இப்படிப் பாட்டு இலவசமாகக் கைமாறுவது உங்களைப் போன்றோரை அழிக்குமா வளர்க்குமா, இசைத்துறையே இதனால் படுத்துவிட்டது என்பது உண்மையா, மீதி மூன்றையும் சேர்த்து இறுவட்டாகவே போட்டுவிடலாமா என்பன உங்கள் கேள்விகள். இவற்றுள் இரண்டு வேறு வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. பெரிய நிறுவனங்களின் வருமானத்துக்கு நேர்ந்தது ஒரு கதை. பெயர் தெரியாத ஒரு குழுவுக்கு நேர்வது இன்னொரு கதை. ஒன்றுக்குரிய விடையை மற்றதற்குச் சொல்வதால்தான் இந்த வாதம் இருபத்தைந்து ஆண்டுகளாக முடியாமல் இழுபடுகிறது. உங்கள் கேள்விகளின் அடியில் இருப்பது, அடகு வைத்த நகை எந்த வழியால் மீளும் என்பதே என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் இசைக்கோஷ்டிகளில் கீபோர்ட் வாசித்துத் தொடங்கியவன். பின்னர் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை நடத்தினேன். இப்போது பல ஆண்டுகளாக இங்குள்ள குழுக்களின் பாடல்களை இணையக் கடைகளுக்கு ஏற்றிக் கொடுப்பதும், அவற்றுக்கு மாதா மாதம் வரும் கணக்குகளைப் படித்துச் சொல்வதும் என் தொழிலில் ஒரு பகுதி. வணிகவியல் படித்த பழக்கத்தால் இத்துறை பற்றிய ஆய்வுகளையும் விடாமல் வாசித்து வருகிறேன். சட்டத்தரணி அல்லன், ஆகவே கீழே சட்டம் பற்றி வரும் வரிகளை மட்டும் நம்பி ஒப்பந்தம் எழுதாமல், தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெரிய துறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அதில் ஐயமற்ற பகுதி தெளிவானது. பாட்டுக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகக் கைமாற்ற வழி செய்த நெப்ஸ்டர் 1999 ஜூனில் வந்தது. வழக்குகளில் தோற்று 2001 ஜூலையில் மூடப்பட்டது. அதற்குள் பாட்டைக் கோப்பாகக் கைமாற்றும் பழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வெளியிடும் கணக்குகளின்படி, 1999இல் ஏறத்தாழ 22 பில்லியன் டொலராக இருந்த உலக ஒலிப்பதிவு வருமானம் 2014 அளவில் 13, 14 பில்லியனுக்கு இறங்கியது. பிறகு சந்தா கட்டிக் கேட்கும் சேவைகளால் மீண்டெழுந்து 2024இல் 29.6 பில்லியனைத் தொட்டது; அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதையும் சேர்த்து, இணையத்தில் கேட்கும் சேவைகள் வழியாகவே வந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் 1999இன் உச்சம் இன்னும் எட்டப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் படுத்துவிட்ட துறை என்று இதை எவரும் சொல்ல முடியாது. விழுந்தது, எழுந்தது, எழுந்தபோது பணம் யார் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் சிக்கல்.

அந்த வீழ்ச்சிக்குப் பகிர்வுதான் காரணமா என்ற இடத்தில் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ஒபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தரவிறக்கம் விற்பனையைக் குறைத்ததற்குப் புள்ளிவிபரச் சான்று இல்லை என்று முடித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில் ரொப், வோல்ட்ஃபோகல் ஆகியோர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, இலவசமாக இறக்கிய ஐந்து பாடல் தொகுப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்குவது குறைந்தது என்றது. லீபோவிட்ஸ் போன்றோர் சேதம் இதைவிடப் பெரிது என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். பகிர்வால் விற்பனை ஓரளவு குறைந்தது என்பதையே பெரும்பாலான ஆய்வுகள் ஏற்கின்றன. எவ்வளவு என்பதில்தான் வழக்கு. வேறு காரணங்களும் கூடவே நடந்தன. இசைத்தட்டில் வைத்திருந்த பழைய பாடல்களை இறுவட்டாக மறுபடி வாங்கிய அலை ஓய்ந்தது. 2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனத்தின் ஐரியூன்ஸ் இணையக் கடை ஒரு பாட்டை 99 அமெரிக்கச் சதத்துக்கு விற்கத் தொடங்கியதும், பிடித்த இரண்டு பாட்டுக்காகப் பன்னிரண்டு பாட்டுக்கு விலை கொடுத்த காலமும் முடிந்தது.

சிறிய குழுக்களைப் பற்றிப் பேசும்போது பலரும் எடுத்துக் காட்டுவது மோர்ட்டிமர், நோஸ்கோ, சொரன்சன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு. பகிர்வு எல்லோருடைய தொகுப்பு விற்பனையையும் குறைத்தாலும், அதிகம் அறியப்படாத கலைஞர்களின் மேடை வருமானத்தைக் கூட்டியது என்பது அதன் முடிவு. இலவசமாகக் கேட்டவர் பெயரைத் தெரிந்துகொண்டு நுழைவுச்சீட்டு வாங்கி வந்தார். இங்கிலாந்தின் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் மாதிரிப் பதிவுகளை இரசிகர்களே இணையத்தில் பரப்பியதும், 2006 ஜனவரியில் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு அந்நாட்டில் அதுவரை எந்த அறிமுகத் தொகுப்பும் காணாத வேகத்தில் விற்றதும் இதே வாதத்துக்கு உதாரணமாகக் காட்டப்படும். நம் தீவிலேயே 2021 மே மாதம் யொஹானி யூரியூபில் பாடி ஏற்றிய ஒரு சிங்களப் பாடல், மொழி புரியாத இந்தியர்களின் குறுங்காணொளிகளில் ஏறி அவரை இந்திய மேடைகள் வரை கொண்டுபோனது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வென்றவரை மட்டும் எண்ணி வழி காட்டுவது ஆபத்து. இணையச் சேவைகளில் 2023இல் இருந்த 18 கோடிக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் நூற்றுக்கு 86 அந்த ஆண்டு முழுவதிலும் ஆயிரம் தடவை தானும் கேட்கப்படவில்லை. நாலரைக் கோடிப் பதிவுகளை ஒருவர் கூடத் தொடவில்லை. லூமினேட் நிறுவனம் வெளியிட்ட கணக்கு இது. இந்த நிலையில் உங்கள் மூன்று பாடல்கள் யாரோ அனுமதி கேட்காமலேயே எடுத்துப் பரப்பும் அளவுக்குப் போயிருப்பதை முழு நட்டமாக நான் பார்க்க மாட்டேன்.

இருந்தாலும், "பாட்டு இலவசம், காசு மேடையில்" என்ற அந்த வாய்பாடு யாழ்ப்பாணத்துக்கு அப்படியே பொருந்தாது. மேற்படி ஆய்வு நடந்த இடத்தில் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, அந்தக் குழுவின் சொந்தப் பாடல்களைக் கேட்கப் போகிறார்கள். இங்கே சித்திரை முதல் ஆவணி வரை கோயில் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களில்தான் கோஷ்டிகளுக்கு உழைப்பு. அந்த நாள் திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் காசு கொடுக்கிறார். சுவாமி வீதியுலா முடிந்த பிறகு மேடை ஏறுகிறோம். வீதி மணலில் பாய் விரித்து இருப்பவர்கள் ஒரு சதமும் கொடுக்காமல் கேட்கிறார்கள். இரண்டு பக்திப் பாடல்களில் தொடங்கி, மூன்றாவதிலிருந்து சினிமாப் பாட்டுத்தான். சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடப் போகிறோம் என்று அறிவித்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் கச்சான் வாங்க எழும்புகிற காட்சியை உங்களுக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. திருமண வரவேற்புகளிலும் பிறந்தநாள்களிலும் இதே நிலைதான். ஆகவே உங்கள் பாடல் வட்சப்பில் ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்ந்தாலும் அந்த ஆயிரம் பேரும் நுழைவுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கப் போவதில்லை, ஏனெனில் இங்கே நுழைவுச்சீட்டே இல்லை. பாட்டைக் கேட்பவர் ஒருவர், மேடைக்குக் காசு கொடுப்பவர் இன்னொருவர் என்ற அமைப்பில் புகழ் காசாக மாறுவதற்கு ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும்: அந்தப் பாடல் உங்களுடையது என்பது உபயகாரரின் காதுக்கும் எட்ட வேண்டும்.

நாதசுர, தவில் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த அமைப்பிலேயே வாழ்ந்தவர்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் கேட்கக் கொடுத்து வைக்காத என் போன்றோர், இரசிகர்கள் ஒலிநாடாவில் பிடித்து வைத்ததையும் பின்னர் எவரெவரோ இணையத்தில் ஏற்றியதையும் கொண்டே அவரை அறிந்திருக்கிறோம். அனுமதி இல்லாத அந்தப் பகிர்வு இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது பெயர் மட்டும்தான். அவர் வாழ்ந்தது பதிவு விற்ற காசில் அல்ல. அழைத்த கோயில்களும் சபாக்களும் கொடுத்த சன்மானத்தில். பதிவு பரவியதால் அந்த அழைப்புகள் குறைந்திருக்க நியாயமில்லை. சொந்தப் பாட்டை நம்பிக் கடன்பட்டவர்களுக்கு இந்த ஆறுதல் பாதி தூரந்தான் வரும்.

அதேபோல, இணையம் வந்து நம் ஊரில் நல்ல விற்பனை ஒன்றைக் கெடுத்துவிட்டது என்பதும் சரியில்லை. எழுபது, எண்பதுகளில் றெக்கோடிங் பாருக்கு வெற்று நாடாவையும் பாட்டு விபரம் எழுதிய துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து வந்ததுதான் நமது கடை வழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட நாடாக்களும் பெரும்பாலும் படியெடுத்தவையே. அதன் பின் வந்த கொமினிக்கேசன் கடைகளில் மெமரி காட்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். அதில் ஒரு சதமும் பாடியவருக்குப் போகவில்லை. நம்மவர்களின் சொந்த இறுவட்டு எப்போதும் வெளியீட்டு விழா மண்டபத்தில் விற்றதோடு சரி, கடையில் ஓடியது குறைவு. இல்லாத சந்தையைப் பகிர்வு அழிக்க முடியாது. உங்கள் மூன்று பாடல்களும் கசியாமல் இருந்திருந்தால் எத்தனை பிரதி விற்றிருக்கும் என்று மனச்சாட்சியோடு கணக்கிட்டுப் பாருங்கள். நட்டத்தின் உண்மையான அளவு அதுதான்.

அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது உங்கள் பதற்றம் இருக்கும் இடத்தில் இல்லை. வட்சப்பில் ஒருவர் பாட்டை அனுப்பும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்றில் யூரியூபிலோ ஸ்பொட்டிஃபையிலோ இருக்கும் உங்கள் பாட்டின் இணைப்பை அனுப்புகிறார், அல்லது பாட்டுக் கோப்பையே அனுப்புகிறார். இணைப்பு எத்தனை கை மாறினாலும் ஒவ்வொரு கேட்டலும் உங்கள் கணக்கில் எழுதப்படும்; எந்த நாட்டில், எந்த நகரில் கேட்டார்கள் என்பதும் தெரியும். கோப்பு கை மாறினால் எதுவும் எழுதப்படாது. போதாக்குறைக்கு, அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் வட்சப் அந்தக் கோப்புக்கு ஓடியோ என்பதன் சுருக்கமும் திகதியும் ஒரு தொடர் இலக்கமுமாகத் தானே ஒரு பெயர் வைத்துவிடுகிறது. மூன்றாவது ஆள் கைக்குப் போகும்போது அது வெறும் இலக்கம். பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஊர்க் குழு என்பது எங்கேயும் இல்லை. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைப் போடுமுன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பழக்கியதால், பாட்டெழுதியவரின் பெயர் வாசலில் இருந்து கேட்ட பாட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது. பகிர்வால் உங்களைப் போன்ற குழுக்களுக்கு உண்மையில் களவு போவது இந்தப் பெயர்தான். காசு பிறகுதான் போகிறது. பெயர் போன பாட்டைக் கேட்டு ரொறன்ரோவில் ஒரு மண்டபக்காரர் மயங்கினாலும் அவர் யாரை அழைப்பார்?

கேட்டல் கணக்கில் எழுதப்பட்டால் மட்டும் என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பொட்டிஃபை 2021இல்தான் இலங்கைக்கு வந்தது. ஒரு கேட்டலுக்கு இவ்வளவு என்று அது நிரந்தர விலை வைப்பதில்லை. சந்தாவாலும் விளம்பரத்தாலும் வரும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒதுக்கி, மொத்தக் கேட்டல்களில் யாருடைய பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிக்கிறது. ஆயிரம் கேட்டலுக்கு மூன்று முதல் ஐந்து டொலர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, சந்தா விலை கூடிய நாடுகளையும் சேர்த்த சராசரி. அந்தச் சராசரியையே வைத்தாலும் பத்தாயிரம் கேட்டலுக்கு 30 முதல் 50 டொலர். டொலர் 300 ரூபா என்று கொண்டால் ஒன்பதாயிரம் முதல் பதினையாயிரம் ரூபா. அதில், பாட்டை இணையக் கடைகளுக்கு ஏற்றிக் கொடுக்கும் விநியோகஸ்தரின் பங்கு கழித்து நால்வர் பிரிக்க வேண்டும். கேட்பவர்கள் எல்லோரும் இலங்கையில் இருந்தால் இதைவிடக் குறைவாக எதிர்பாருங்கள். 2024 தொடக்கத்திலிருந்து, முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை ஒலிப்பதிவுப் பணமே கொடுப்பதில்லை. யூரியூபில் நீள் காணொளிகளால் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அதன் பிறகும் கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள். ஆனால் அங்கே நம்மவருக்குச் சாதகமான ஒன்று உண்டு: விளம்பர வருமானம் பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பார்ப்பது, கோண்டாவிலில் ஒருவர் பார்ப்பதைவிட இலாபம். புலம்பெயர்ந்த குடும்பங்களின் வட்சப் குழுக்களுக்குள் கோப்புக்குப் பதிலாக இணைப்புப் போக வேண்டும் என்று நான் வருந்திக் கேட்பதன் காரணம் இதுவே.

இரசிகரிடமிருந்து நேரே காசு வாங்கும் வழிகளைப் பற்றி மேற்கத்தைய இசைஞர்கள் நிறையச் சொல்வார்கள். பாண்ட்காம்ப் எனும் தளம் எண்ணிமத் தொகுப்பு விற்பனையில் பொதுவாக 15 வீதம் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பணத்தைப் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியே அனுப்பும் தளம். இலங்கையிலிருந்து பேபாலில் பணம் செலுத்த முடிந்தாலும் பெற முடியாத நிலை நெடுங்காலம் நீடித்தது. அதனால் இங்குள்ள குழுக்கள் வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவினரின் கணக்கை நம்பி இயங்கின, அந்த உறவோடு மனஸ்தாபம் வந்தபோது கணக்கும் நின்றது. 2022இல் ரூபா சரிந்து டொலர் 200இலிருந்து 360 வரை போனபோது வெளிநாட்டு வருமானம் ரூபாவில் பெருத்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். விநியோகஸ்தருக்கு டொலரில் கட்டும் ஆண்டுக் கட்டணமும் அதே வேகத்தில் பெருத்தது. ஆண்டுக் கட்டணம் வாங்கும் விநியோகஸ்தர்களில் சிலர், கட்டணம் தவறினால் பாட்டுகளைக் கடைகளிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆறு பாட்டு மட்டும் வைத்திருக்கும் உங்களுக்கு, ஒரு தடவை பணம் வாங்கி நிரந்தரமாக வைத்திருக்கும் விநியோகஸ்தரே பொருத்தம்.

குழுவுக்குள் யாருக்கு நட்டம் என்பதைப் பற்றியும் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். பாட்டு இலவசமாகப் பரவினால் பாடியவருக்கு முகம் கிடைக்கிறது. கல்யாண வீட்டில் அழைப்பு வருகிறது. வெளிநாட்டு மேடைக்கு விசாவும் வரலாம். கீபோர்ட்காரருக்கும் தாளக்காரருக்கும் அந்த மேடையில் பங்குண்டு. பாட்டெழுதியவர் மேடை ஏறுவதில்லை. மெட்டுப் போட்டவர் ஏறாமலும் இருக்கலாம். அவர்களுக்குப் பதிவிலிருந்து வருவதைத் தவிர வேறு வழியே கிடையாது. பகிர்வு இசைஞருக்கு நல்லது என்று யாரேனும் சொன்னால், எந்த இசைஞருக்கு என்று கேளுங்கள். இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பிற்காலப் பயன்பாட்டில் சம பங்கு உண்டு என்று வைக்க வேண்டி வந்தது இதனால்தான். 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றில் இருந்த எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் கடிதம் போனபோது பலர் நட்பைப் பற்றிப் பேசினார்கள்; அடிப்படையில் அது, பாடுபவரின் மேடை வருமானத்தில் ஆக்கியவருக்கு என்ன சேரவேண்டும் என்ற கேள்வி. கோடிக்கணக்கான பார்வைகளைக் கண்ட 2021இன் ஒரு தனிப்பாடலுக்குத் தங்களுக்கு எந்த வருமானமும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே கூறினார். நிறுவனம் வேறு விளக்கம் கொடுத்தது. யார் சொல்வது சரி என்பதற்குள் நான் போகவில்லை. அந்தப் பாட்டை மக்கள் களவாகக் கேட்கவில்லை, முறையான வழியிலேயே கேட்டார்கள். அப்படியிருந்தும் பங்கீட்டில் பிணக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாடல்களை எழுதியவர் குழுவின் நால்வரில் ஒருவரா, வெளியாளா என்று நீங்கள் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் வரிக்கு, மெட்டுக்கு, பாடியதற்கு, ஒலிப்பதிவுச் செலவுக்கு எத்தனை வீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். காசு வரும் முன்னர் இதை எழுதுவது சுலபம். வந்த பின்னர் எழுதிய குழுவை நான் கண்டதில்லை.

இன்னொரு கண்ணியையும் சொல்லி வைக்கிறேன். உங்கள் பாட்டில் இணையத்தில் வாங்கிய தாளத் துண்டோ, பிறர் செய்த பின்னணி இசையோ இருந்தால், அதே துண்டை வாங்கிய வேறொருவர் தம்முடைய பாட்டை முதலில் பதிந்திருந்தால், யூரியூபின் தானியங்கி அடையாளக் கருவி உங்கள் பாட்டையே அவருடையதாகப் பிடித்துவிடும். திருவிழா மேடையை முகநூலில் நேரலை விடும்போது சினிமாப் பாட்டு வரும் இடங்களில் ஒலி அடங்கிப்போவது உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். அதே வகை இயந்திரந்தான். பெரிய நிறுவனங்களுக்குப் பகிர்வைக் காசாக்கிக் கொடுக்கும் அந்தக் கருவி, பதிந்து வைக்காத சிறியவருக்கு எதிராகத் திரும்புகிறது.

இனி, கசிந்த மூன்று பாடல்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட கசிவு வெளியாரால் வருவது அரிது. "மிக்ஸ் சரியா பாருங்கோ" என்று குழுவுக்குள் அனுப்பிய கோப்பு, அண்ணரின் நண்பருக்கும் அங்கிருந்து ஊர்க் குழுவுக்கும் போயிருக்கும். யார் என்று தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள். அடுத்த தடவை முடிவாகாத கோப்பை அனுப்பும்போது நடுவில் இரண்டு இடத்தில் குழுவின் பெயரைச் சொல்லும் குரல் ஒன்றைப் பதித்து அனுப்புங்கள். கசிந்தாலும் பெயரோடு கசியும். இப்போது செய்ய வேண்டியது, முடிவான வடிவத்தை இந்தக் கிழமைக்குள்ளேயே விநியோகஸ்தர் வழியாக எல்லாக் கடைகளிலும் உங்கள் யூரியூப் பக்கத்திலும் ஏற்றுவது. ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட சர்வதேச அடையாள எண் கிடைக்கும். அதையும் எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் கோப்பின் உள்விபரத்திலேயே நிரப்புங்கள், கோப்பின் பெயரில் மட்டும் எழுதினால் நிற்காது. பிறகு அந்த டெலிகிராம் அலைவரிசையை நடத்துபவருக்கு மரியாதையாக ஒரு செய்தி எழுதி, கோப்பை எடுத்துவிட்டு இணைப்பைப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் பாட்டில் உள்ள விருப்பத்தால்தான் போடுகிறார்கள், கேட்டால் மாற்றிவிடுவார்கள். மறுத்தால், பொது அலைவரிசை என்றபடியால் டெலிகிராமுக்கு முறைப்பாடு செய்யலாம். தனிப்பட்ட வட்சப் குழுக்களுக்குள் நடப்பதை எவராலும் தடுக்க முடியாது. அதை மழை என்று விட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை ஆக்கம் உருவான கணத்திலேயே பிறக்கிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. காசு சம்பந்தமான உரிமைகளோடு, ஆக்கியவர் தம் பெயர் சொல்லப்படக் கேட்கும் தார்மிக உரிமையும் அதில் உண்டு. வழக்குப் போட்டு வெல்லலாமா என்றால், ஒரு வட்சப் குழுவுக்கு எதிராக நீங்கள் செலவழிக்கும் தொகை அந்த மூன்று பாட்டும் வாழ்நாளில் உழைப்பதைவிடக் கூடிவிடும். ஆனால் ஒரு விளம்பரக்காரரோ தொலைக்காட்சியோ உங்கள் பாட்டை அனுமதி கேட்காமல் பயன்படுத்தினால் விடாதீர்கள். அங்கே காசு இருக்கிறது, அவர்களுக்குப் பெயர் கெடும் என்ற பயமும் இருக்கிறது. முதலில் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து மூலக் கோப்புகளையும், பதிவு உங்களுக்கே உரியது என்று எழுதிய பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள்.

கடைசியாக இறுவட்டு. விற்பனைக்கென்று ஐந்நூறு அடிக்க வேண்டாம். இறுவட்டுப் போட ஓட்டை உள்ள வாகனமும் மடிக்கணினியும் இப்போது அருமை. ஆனால் வெளியீட்டு விழா வைப்பதாக இருந்தால் சிறு தொகையாக அடியுங்கள், ஏனெனில் நம் ஊரில் அந்த விழா ஒரு கடை அல்ல, அது ஒரு மொய். முதற்பிரதி வாங்குபவரும் சிறப்புப் பிரதிக்கு மேடைக்கு அழைக்கப்படுபவர்களும் கடித உறையில் வைத்துத் தருவது இறுவட்டின் விலையை அல்ல. கையில் கொடுக்க ஒரு பொருள் இல்லாவிட்டால் அந்த உறையும் வராது. கசிந்த மூன்றையும் சேர்த்து ஆறையும் அதில் போடுங்கள்; இறுவட்டு உறையின் பின்புறத்தில், தொலைபேசிக் கமராவைக் காட்டினால் உங்கள் பக்கத்துக்குப் போகும் கட்டக் குறியீட்டையும் (QR), பாட்டெழுதியவரின் பெயரைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய அளவு எழுத்திலும் அச்சிடுங்கள். விழாவுக்கு நாள் குறிக்கும்போது உபயகாரர்கள் நாலு பேரையாவது அழைப்பிதழ்ப் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம். விழாவைத் திருவிழாக் காலம் தொடங்கு முன், பங்குனிக்குள் வைத்தால் அந்த வருட மேடைகளுக்கே பேச்சுக் கொடுக்கலாம்.